வலைப்பதிவு எழுதாமல் வாடிக்கையாளரை அடைய முடியுமா? காட்சித் தேடல் பற்றிய விளக்கம்

சிறுதொழில் செய்பவர்களுக்கு இணைய விளம்பரம் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை ஒன்றுதான்: ஒரு தளம் தொடங்குங்கள், அதில் தவறாமல் கட்டுரை எழுதுங்கள்; தேடுபொறி அதைக் கண்டுபிடிக்கும், படிக்க வந்தவர் பொருள் வாங்குவார். விளக்கு செய்பவரும் தோல் பை தைப்பவரும் பகல் முழுதும் பட்டறையில் உழைத்துவிட்டு, இரவில் கட்டுரை எழுத உட்கார வேண்டியிருந்தது. பலரால் அது முடியவில்லை. இப்போது நேர் எதிரான அறிவுரை பரவி வருகிறது: எழுதவே வேண்டாம், படம் போட்டால் போதும், கேமரா வழியே தேடுகிறவர்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

இந்த இரண்டாவது அறிவுரையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதில் எந்தப் பகுதி உண்மை, எந்தத் தொழிலுக்குப் பொருந்தும், எதைச் செய்யாவிட்டால் பலன் கிடைக்காது என்பதெல்லாம் காட்சித் தேடல் இயங்கும் முறை தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

மூன்று வகைத் தேடல்

காட்சித் தேடல் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கியுள்ளன.

1. சொல்லைக் கொடுத்துப் படத்தைப் பெறுவது. கூகுளின் படத் தேடல் 2001 ஜூலையில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிராமி விருது விழாவில் ஜெனிஃபர் லோபஸ் அணிந்திருந்த பச்சை உடையை ஏராளமானோர் கூகுளில் தேடினார்கள். அவர்கள் கேட்டது படம்; கூகுளிடம் இருந்ததோ உரைப் பக்கங்களின் பட்டியல் மட்டும். படத் தேடல் பிறந்ததற்கு இதுவே தூண்டுதல் என்று கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட் பின்னாளில் எழுதினார்.

2. படத்தைக் கொடுத்துப் படத்தைப் பெறுவது. 2008-இல் டின்ஐ என்ற படத் தேடல் தளம், 2011-இல் கூகுள் என இந்த வசதி பரவியது. தொடக்கத்தில் இதன் முக்கியப் பயன், ஒரே படத்தின் பிரதிகள் வேறு எங்கே உள்ளன என்று கண்டுபிடிப்பது. பிறகு படத்துக்குள் இருக்கும் பொருளையே தேடும் நிலை வந்தது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதைப் போன்றவற்றைத் தேடும் கருவியை, படங்களைத் தேடிச் சேமித்து வைக்கும் தளமான பின்டரஸ்ட் 2015-இல் தந்தது. கேமராவை நேரடியாகப் பொருளின் மீது காட்டித் தேடும் லென்ஸ் வசதிகளைப் பின்டரஸ்ட், கூகுள் இரண்டுமே 2017-இல் வெளியிட்டன.

3. படத்தையும் சொல்லையும் சேர்த்துக் கொடுப்பது. ஒரு நாற்காலியைப் படமெடுத்து, ‘இதே வடிவம், பச்சை நிறம்’ என்று கேட்கலாம். 2022-இல் கூகுள் இதை அறிமுகப்படுத்தியது. ‘எனக்கு அருகில்’ என்று சேர்த்துக் கேட்கும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. 2024 ஜனவரியில், கைபேசித் திரையில் தெரியும் எதையும் விரலால் வட்டமிட்டுத் தேடும் வசதி சேர்ந்தது.

இது ஒரு சிலரின் பொழுதுபோக்கு அன்று. கூகுள் லென்ஸ் வழியாக மாதத்துக்கு ஏறக்குறைய 2,000 கோடி தேடல்கள் நடக்கின்றன என்றும், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு பொருள் வாங்குவது தொடர்பானவை என்றும் அந்நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். முதல் வகையில் உங்கள் படத்தை மேலே கொண்டுவருவதில் அதைச் சுற்றியுள்ள சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது வகையில் படமே பேச வேண்டும். மூன்றாவதில் இரண்டும் வேண்டும். படம் மட்டும் போதும் என்ற அறிவுரை இரண்டாவது வகையை மட்டுமே மனத்தில் கொண்டு பேசுகிறது.

இயந்திரம் படத்தில் எதைக் காண்கிறது?

கணினியைப் பொறுத்தவரை ஒரு படம் என்பது நிறப்புள்ளிகளின் அட்டவணை. புள்ளிகளை அப்படியே ஒப்பிட்டால், ஒரே நாற்காலியின் இரண்டு படங்கள்கூட ஒத்துப்போகா. வெளிச்சம் சற்று மாறினாலே எண்கள் எல்லாம் மாறிவிடும். இந்தத் தடையைத் தகர்த்தது, ஏராளமான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் என்ற முறை. இமேஜ்நெட் என்ற பெரும் படத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்ட போட்டியில், 2012-ஆம் ஆண்டு அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பு மற்ற முறைகளைப் பெரிய இடைவெளியில் முந்தியது. அதன் பிறகு இந்தத் துறை முழுவதும் அந்தப் பாதைக்குத் திரும்பியது.

இந்த வலையமைப்புகள் ஒரு படத்தை வாங்கி, அதிலுள்ள வடிவம், நிறம், மேற்பரப்பின் தன்மை, பொருளின் வகை ஆகியவற்றைச் சுருக்கி நீண்ட எண்வரிசை ஒன்றாக மாற்றுகின்றன. இந்த எண்வரிசைக்குத் திசையன் என்று பெயர். ஒரே துறை நூல்கள் நூலகத்தில் பக்கம் பக்கமாக அடுக்கப்படுவது போல, ஒத்த படங்களின் திசையன்கள் ஒன்றுக்கொன்று அருகில் அமைகின்றன. ஒருவர் கேமராவைக் காட்டியதும் அந்தப் படத்துக்கும் ஒரு திசையன் கணக்கிடப்படுகிறது. ஏற்கெனவே சேமித்து வைத்தவற்றில் அதற்கு மிக அருகில் உள்ளவை முடிவுகளாக வருகின்றன.

2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ‘கிளிப்’ என்ற மாதிரி இன்னொரு படி முன்னேறியது. அது சொற்களையும் படங்களையும் ஒரே எண்வெளியில் வைக்கக் கற்றிருந்தது. ‘மூங்கில் தொங்கு விளக்கு’ என்ற சொற்றொடருக்கு அருகில், எந்தக் குறிப்பும் எழுதப்படாத மூங்கில் விளக்குப் படம்கூட வந்து அமையும்.

பின்டரஸ்டின் வழி சற்று வேறு. அங்கே பயனர்கள் தமக்குப் பிடித்த படங்களைத் தலைப்பு வாரியாகப் பலகைகளில் சேர்த்து வைக்கிறார்கள். எந்தப் படம் எந்தப் படங்களோடு ஒரே பலகையில் இருக்கிறது என்பதே ஒரு பெரிய செய்தி. பின்டரஸ்ட் ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ‘பின்சேஜ்’ என்ற முறை, படங்களும் பலகைகளுமாக 300 கோடி முனைகளும் அவற்றுக்கிடையே 1,800 கோடி இணைப்புகளும் கொண்ட வலையைப் பயன்படுத்தியது. உங்கள் படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, மக்கள் அதை எவற்றோடு சேர்த்து வைக்கிறார்கள் என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்த இயக்கமுறையிலிருந்து சிறுதொழிலுக்கு நேரடியாகக் கிடைக்கும் பாடங்கள் மூன்று.

1. ஒரு படத்தில் ஒரு பொருள் முதன்மையாகத் தெரிய வேண்டும். பத்துப் பொருள்களைக் குவித்து எடுத்த படம் எதற்கும் நெருக்கமானதாக அமையாது.

2. மொத்த விற்பனையாளர் தந்த படத்தையே நீங்களும் பயன்படுத்தினால், அதையே போட்ட மற்ற எல்லாக் கடைகளின் படத்துக்கும் உங்கள் படத்துக்கும் திசையனில் வேறுபாடே இராது. அந்தக் கூட்டத்தில் தேடுபொறி உங்களை முன்னால் காட்டுவதற்குப் படம் எந்தக் காரணமும் தராது. கைபேசியில் எடுத்தாலும் சொந்தப் படமே மேல்.

3. பின்டரஸ்டில் எந்தப் பலகையில் முதலில் சேர்க்கிறீர்கள் என்பது பொருட்படுத்தத் தக்கது. ‘எங்கள் தயாரிப்புகள்’ என்ற பலகை இயந்திரத்துக்கு எதையும் உணர்த்தாது. ‘சிறிய அறைக்கான சுவர் விளக்குகள்’ என்ற பலகை நிறைய உணர்த்தும்.

அப்படியானால் சொற்களே வேண்டாமா?

குழப்பத்தின் மையம் இதுதான். வலைப்பதிவு சிறுதொழிலுக்குச் செய்து வந்த பணி என்ன? தேடுபொறிக்குப் புரியும் வடிவில் பொருளைச் சொற்களால் விவரித்தது. தேடுபவர் வந்து நிற்க ஒரு பக்கத்தைத் தந்தது. விவரிக்கும் பணியில் பாதியை இப்போது இயந்திரம் படத்திலிருந்தே செய்துகொள்கிறது. ஆகவே ‘வரவேற்பறைக்கு ஏற்ற பத்து விளக்குகள்’ என்று ஆயிரம் சொற்களில் எழுத வேண்டிய தேவை உண்மையாகவே குறைந்துவிட்டது.

மறுபாதியைப் படத்தால் செய்ய முடியாது. விளக்கின் உயரம் எவ்வளவு, அது உண்மையான மூங்கிலா, எந்த வகை மின்குமிழ் பொருந்தும், எங்கெல்லாம் அனுப்புவீர்கள், விலை என்ன, இருப்பில் உள்ளதா? இவை எதுவும் படத்தில் தெரியாது. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது இவற்றை வைத்துத்தான். எனவே நான் பரிந்துரைக்கும் விதி எளிது: கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டாம், கண்ணுக்குத் தெரியாததை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்தாறு வரிகள் போதும். வாரந்தோறும் புதிதாக எழுத வேண்டியதும் இல்லை. ஒருமுறை சரியாக எழுதினால் பொருள் விற்பனையில் இருக்கும்வரை அது நிற்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. படத்தின் ‘மாற்று உரை’ எனப்படும் சிறு விவரிப்பில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுத வேண்டும். பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் உரக்கப் படித்துக் காட்டுவது இதைத்தான். தேடுபொறிக்கும் இது உதவுகிறது என்பது உண்மையே. ஆனாலும் முதலில் ஒரு மனிதருக்காக எழுதுங்கள். தேடுசொற்களை அடுக்கி அந்த இடத்தை வீணாக்க வேண்டாம்.

எந்தத் தளம் எதற்கு?

பின்டரஸ்ட் 2010-இல் தொடங்கியது. இன்று மாதந்தோறும் 50 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்துகிறார்கள். இதைச் சமூக ஊடகமாக நினைத்து நுழைபவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். அங்கே நண்பர் வட்டமோ பின்தொடர்வோர் எண்ணிக்கையோ முதன்மை அன்று. தேடலும் சேமிப்பும்தான் முதன்மை. அங்கு அதிகம் தேடப்படும் சொற்களில் 96 விழுக்காட்டில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருப்பதில்லை என்று பின்டரஸ்ட் கூறுகிறது. பெயர் தெரியாத ஒரு சிறு பட்டறைக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. தேடுபவர் மனத்தில் இன்னும் எந்தக் கடையும் இல்லை. அவர் வடிவத்தைத் தேடுகிறார், நிறத்தைத் தேடுகிறார்.

அங்கு ‘பின்’ எனப்படும் ஒவ்வொரு படப்பதிவிலும் ஒரு இணைப்பைச் சேர்க்கலாம். வேறொருவர் அதைத் தம் பலகையில் சேமித்தாலும் இணைப்பு அதோடு கூடவே செல்லும். சமூக ஊடகப் பதிவு சில நாள்களில் அமுங்கிப்போகும் வேளையில், சேமிக்கப்பட்ட படம் மாதங்கள் கடந்தும் ஆள் கொண்டுவர இதுவே காரணம்.

கூகுளின் பக்கம் கதை வேறு. லென்ஸுக்குத் தனியாகப் படம் ஏற்றும் இடம் எதுவும் இல்லை. உங்கள் இணையதளம், கூகுளில் நீங்கள் பதிந்த பொருள் பட்டியல், வரைபடத்தில் உள்ள உங்கள் கடைப் பக்கம் ஆகியவற்றிலிருந்து அது படங்களைத் திரட்டுகிறது. பொருள் பட்டியலைப் பதிவதற்கான இடம் மெர்ச்சன்ட் சென்டர். அங்கே கட்டணமில்லாமல் பொருள்களைக் காட்டும் வழி 2020-இல் திறக்கப்பட்டது. முழுக்க இணையத்தில் விற்பவர் அதிலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் என்றால் பிசினஸ் ப்ரொஃபைல் எனப்படும் கடைப் பக்கம் இலவசமாகக் கிடைக்கும். இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு அதில் இடமில்லை. ‘எனக்கு அருகில்’ தேடலுக்கு, வரைபடத்தில் பொதுமக்கள் ஏற்றும் படங்களையும் கூகுள் பயன்படுத்திக்கொள்கிறது. உங்கள் கடையைப் பற்றி மற்றவர்கள் போட்ட மங்கலான படங்கள் மட்டுமே அங்கே இருந்தால், உங்களை அறிமுகப்படுத்துபவை அவையே.

இன்ஸ்டகிராமின் தொழில்முறைக் கணக்குகளில் உள்ள பொதுப் படங்கள் 2025 ஜூலை முதல் தேடுபொறிகளில் இடம்பெற வழி திறந்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் தலைப்புரையைத் தெளிவாக எழுதினால் போதும். இதற்காகவே புதிதாகச் சேரத் தேவையில்லை. பிங், அமேசான் போன்றவற்றிலும் காட்சித் தேடல் உண்டு. ஆனால் ஆள்பலம் குறைந்த தொழில் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் கால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்தப் பக்கமும் அதோடு ஒரு தளமும் ஒழுங்காக அமைந்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. முதலில் சொந்தப் பெயரில் ஒரு எளிய தளம். வலைப்பதிவு தேவையில்லை, பொருளுக்கு ஒரு பக்கம் போதும். இதைத் தவிர்த்துவிட்டுக் கட்டணமில்லாத வேறு ஏற்பாட்டை நம்புவது ஆபத்து. கடைப் பக்கத்தோடு கூகுள் இலவசமாகத் தந்த இணையதளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அவற்றையே தம் முகவரியாக அச்சிட்டு வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று படங்கள்: வெற்றுப் பின்னணியில் ஒன்று, பயன்படும் இடத்தில் வைத்து ஒன்று, நுணுக்கம் தெரிய நெருக்கத்தில் ஒன்று. முதல் படம் பொருளைத் தேடுபவருக்கு. இரண்டாவது, ‘என் அறையை எப்படி அமைப்பது’ என்று தேடுபவருக்கு. பின்டரஸ்டில் அதிகம் சேமிக்கப்படத் தக்கது இதுவே. சன்னல் ஓரப் பகல் வெளிச்சம் போதும்.

3. கோப்புக்குப் பொருளின் பெயரையே சூட்டுங்கள். கேமரா தரும் எண்ணால் யாருக்கும் பயனில்லை. பட்டறையே வீடாக இருந்தால், கைபேசி படத்துக்குள் பதிந்துவைக்கும் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டுத் தளத்தில் ஏற்றுங்கள்.

4. தளத்தில் படங்களைப் பக்கத்தின் பின்னணி அலங்காரமாக வைக்க வேண்டாம். வடிவமைப்புக் குறிப்புகள் (CSS) வழியே பின்னணியாக வரும் படங்களைக் கூகுள் தன் படத் தேடலில் சேர்ப்பதில்லை. தளம் அமைத்துத் தருபவரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். விலை, இருப்பு போன்றவற்றை இயந்திரம் படிக்கும் வடிவில் பதியும் ‘கட்டமைக்கப்பட்ட தரவு’ உள்ளதா என்றும் கேளுங்கள்.

5. பின்டரஸ்டில் கட்டணமில்லாத வணிகக் கணக்கைத் தொடங்கி, தளம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்துங்கள். அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு 1,000-க்கு 1,500 புள்ளிகள், அதாவது 2:3 விகிதத்தில் நின்ற வாக்கில் உள்ள படம். தலைப்பில் தேடுபவர் பயன்படுத்தும் சொல்லை வையுங்கள். பொருளுக்கு நீங்கள் சூட்டிய அழகுப் பெயரை யாரும் தேடப் போவதில்லை.

6. பருவம் சார்ந்த பொருள் என்றால் ஓரிரு மாதம் முன்னதாகவே ஏற்றுங்கள். பின்டரஸ்டில் மக்கள் திட்டமிடும் கட்டத்திலேயே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தச் சொல் எப்போது ஏறுகிறது என்பதை அங்குள்ள போக்குக் கருவி காட்டும்.

7. விற்றுத் தீர்ந்த பொருளின் பக்கத்தை அழிக்காதீர்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. ஆயிரம் பேர் சேமித்து வைத்த படத்தின் இணைப்பு வெறும் பிழைப் பக்கத்துக்குப் போனால், அதுவரை சேர்ந்த பலன் அத்தனையும் வீணாகும். பக்கத்தை வைத்துக்கொண்டு ‘இப்போது இருப்பில் இல்லை’ என்று எழுதி, ஒத்த பொருளைக் காட்டுங்கள். பொருளை அடியோடு நிறுத்திவிட்டால், பழைய முகவரியை அந்த வகைப் பொருள்களின் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

யாருக்குப் பயன் குறைவு?

கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருள்களுக்கு இந்த வழி மிகப் பொருத்தம்: அறைகலன், உடை, அணிகலன், கைவினை, காகிதப் பொருள்கள். தோட்ட அமைப்பு, உள்ளலங்காரம், ஒப்பனை போன்ற சேவைகளுக்கும் பொருந்தும். ‘முன்பு–பின்பு’ படங்களே அவர்களின் பட்டியல். கணக்குத் தணிக்கை, சட்ட ஆலோசனை, பழுதுபார்ப்பு போன்றவற்றில் வாடிக்கையாளர் வடிவத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அவர்களைத் தகவல் படங்கள் வரையச் சொல்லும் ஆலோசனை நிறைய உலவுகிறது. அந்த உழைப்பை வரைபடக் கடைப் பக்கத்தையும் வாடிக்கையாளர் மதிப்புரைகளையும் சீர்ப்படுத்துவதில் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பொருந்தும் தொழில்களுக்கும் இடர்கள் உண்டு. உங்கள் வடிவமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் அதே கருவி, அதைப் போன்ற மலிவுப் பொருளையும் பக்கத்திலேயே காட்டும். காட்சித் தேடலின் இயல்பே அதுதான், தவிர்க்க வழியில்லை. ஆகவே படத்தில் தெரியாத வேறுபாட்டை, அதாவது மூலப்பொருள், நீடித்து உழைக்கும் தன்மை, பழுது நீக்கித் தரும் உறுதி ஆகியவற்றைப் பொருள் பக்கத்தில் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். படத் திருட்டுக்கு அஞ்சிப் பலர் படத்தின் குறுக்கே பெயரை அச்சிடுகிறார்கள். மெர்ச்சன்ட் சென்டர் அத்தகைய படங்களை ஏற்பதில்லை. பெயரில்லாத படத்தைப் பட்டியலுக்குக் கொடுங்கள். திருட்டைக் கண்டுபிடிக்க, படத்தைக் கொடுத்துப் படத்தைப் பெறும் அதே தேடலை அவ்வப்போது நீங்களே செய்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தகைய படங்களுக்கு அடையாளக் குறி இடுவதைப் பின்டரஸ்ட் 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றைக் குறைத்துக் காட்டும்படி பயனர் கேட்கவும் வழி செய்தது. மெர்ச்சன்ட் சென்டரும் அத்தகைய படங்களின் உட்குறிப்பில் அவை இயந்திரத்தால் உருவானவை என்ற தகவல் இருக்க வேண்டும் என்கிறது. செய்து விற்காத ஒன்றைப் படமாகக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவது. நேர்மையைத் தவிர வேறு முதல் இல்லாத ஒரு சிறு தொழில் அதைச் செய்யவே கூடாது.

பலனை அளப்பது

பின்டரஸ்டின் புள்ளிவிவரப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது ‘எத்தனை முறை திரையில் தோன்றியது’ என்ற எண். பெரிதாக இருக்கும், மகிழ்ச்சி தரும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் உங்கள் தளத்துக்கு வந்தார்கள். சேமிப்பு அதிகமாகவும் வருகை குறைவாகவும் இருந்தால், படம் ஈர்க்கிறது, ஆனால் அது விற்பனைக்கு உள்ள பொருள் என்று தெரியவில்லை என்று பொருள். தலைப்பில் அதைத் தெளிவாக்குங்கள். வருகை இருந்தும் விற்பனை இல்லையென்றால் படத்தில் குறையில்லை. பொருள் பக்கத்தில் விலையோ அளவோ அனுப்பும் விவரமோ விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூகுளைப் பொறுத்தவரை, உங்கள் தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியின் செயல்திறன் அறிக்கையில் தேடல் வகையைப் ‘படம்’ என்று மாற்றினால், எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் படத் தேடலில் தோன்றியது என்பது தெரியும்.

இவை எதுவும் ஒரு வாரத்தில் அசையாது. படங்கள் திரட்டப்பட்டு, பலகைகளில் சேர்ந்து, மற்றப் படங்களோடு தொடர்பு உருவாகச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து படங்களை அழித்துவிட்டுப் புதிய முகவரியில் மீண்டும் ஏற்றினால், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விவரம் சரியில்லை என்றால் விவரத்தை மட்டும் திருத்துங்கள். படக்கோப்பின் முகவரியை மாற்றாமல் விட்டுவிடுங்கள்.